மூன்று அதிகாரமும் ஒரே திண்ணையில்

சட்டம் இயற்றுவது சட்டமன்றம், நிறைவேற்றுவது நிர்வாகம், தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த பாடம் இது. திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் வேலை செய்யும் எங்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சேரி மக்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள்.

அப்படிச் சேர்ந்தால் சுதந்திரம் இருக்காது என்று பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியு 1748இல் எழுதினார். 1816இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி செய்தது அதற்கு நேர் எதிர். கிஸ்தி வசூலிக்கும் கிராமத் தலைவரிடமே போலீஸ் வேலையையும் சில்லறை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. அந்த ஆண்டின் 11ஆவது ரெகுலேஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. குற்றம் சாட்டப்பட்டவர் 'கீழ்சாதி' என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். மற்ற சாதியாருக்கு அந்த அவமானம் கிடையாது.

பிடிப்பவரும் அவரே, விசாரிப்பவரும் அவரே, தண்டிப்பவரும் அவரே. மேலே முறையிடப் போனால் அங்கே கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட்டு. கிராம முன்சீப் வேலையோ பெரும்பாலும் பரம்பரையாக ஆதிக்கச் சாதி வீடுகளிலேயே இருந்தது.

கிராமத்தை அரசியல் சட்டத்தின் அடிப்படை அலகாக வைக்க 1948 நவம்பர் 4இல் அண்ணல் அம்பேத்கர் மறுத்ததை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நிர்வாகத்திடமிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்ற விதியை அரசியல் நிர்ணய சபை அதே மாதம் ஏற்றது. இன்றைய 50ஆவது பிரிவு அதுதான். அது நாடு முழுக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அமலுக்கு வர 1974 ஏப்ரல் வரை ஆனது. தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1982இல் ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

பதவி போனது, அதிகாரம் போகவில்லை. 73ஆவது திருத்தமும் 1994 ஊராட்சிகள் சட்டமும் பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவியில் இடஒதுக்கீடு தந்தன. 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. மனுப் போட ஆளில்லாமல் செய்தார்கள், ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மேலும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். சட்டமன்றத்தின் சட்டத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. ஊர்க்கூட்டம் ரத்து செய்தது. நான்கு ஊர்களிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது 2006 அக்டோபரில்தான்.

இன்றைய சிக்கல் கையெழுத்தில் இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் கையில் பணம் சிக்கக் கூடாது என்ற நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் துணைத்தலைவர் பெரும்பாலும் யாராக இருக்கிறார்? எங்கள் களப்பணியில் ஓர் ஊரில், தலைவரான நம் அக்கா மோட்டார் பழுது பார்த்த பில்லுக்கு ஒரு கையெழுத்துக்காகத் துணைத்தலைவர் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நின்றார். குடிதண்ணீர் வரவில்லை என்ற பழி மட்டும் அவர் மேல் விழுந்தது. தலைவரைப் பதவி நீக்க 205ஆவது பிரிவு இருக்கிறது. கையெழுத்துப் போட மறுப்பவரை யார் கேட்பது?

கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொழுமரத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அப்படிச் சொல்ல மாட்டோம். கையெழுத்து மறுத்தால் ஏழு நாளுக்குள் காரணத்தை எழுதித் தரட்டும். அது சரியா என்று மேலதிகாரி குறிப்பிட்ட நாளுக்குள் முடிவு செய்யட்டும். கட்டுப்படுத்துகிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஜெய்பீம்.