வருத்தமும் சீவியமும்: தர்மபுரத்தில் தனியாள் வாழ்க்கைத் தரத்தை அளத்தல்

முதல் இடர் "வாழ்க்கைத் தரம்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்தில், நீரிழிவுக்காகக் கிளினிக்குக்கு வரும் ஒருவரிடம் "உங்கட வாழ்க்கைத் தரம் எப்பிடி?" என்று கேட்டால் கல்வீடு, கிணறு, மலசலகூடம், மின்சாரம் பற்றித்தான் பதில் வரும். பொருளியல் பாடநூல்களும் வீட்டுத்திட்டப் படிவங்களும் அச்சொல்லுக்கு அந்தப் பொருளையே பழக்கிவிட்டன. மருத்துவ ஆய்வு அறிய விரும்புவதோ, தீரா நோயோடு வாழ்பவருக்குத் தம் வாழ்வு தம் கண்ணில் எப்படி இருக்கிறது என்பதை. அதற்கு வன்னியில் வழங்கும் சொல் சீவியம். "சீவியம் எப்பிடிப் போகுது?" என்றால் நோயும் வரும், வயலும் வரும், பிள்ளைகளும் வருவார்கள்.

"வருத்தம்" இன்னும் சிக்கலானது. ஈழத்தில் அது நோய், துயரமும் அதுவே. 1992இல் வெளியான எஸ்.எஃப்-36 வினாக்கொத்து 36 வினாக்களால் நலத்தின் எட்டுக் கூறுகளை அளக்கிறது. வேலை தடைப்பட்டது உடலாலா மனத்தாலா என்று அது தனித்தனியே கேட்கிறது. "வருத்தத்தாலை வயலுக்குப் போகேல்லை" என்பவர் எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவார்? மிதமான உழைப்புக்கு அது தரும் உதாரணங்களுள் தூசுறிஞ்சியும் கோல்ஃபும் உள்ளன. அவற்றை நீக்கி, கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும் குந்தியிருந்து களை பிடுங்குவதையும் வைக்கலாம். வைத்த பின்னும், எது முக்கியம் என்பதை வினா எழுதியவரே தீர்மானித்திருப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர வினாக்கொத்து, சென்னை, புதுடெல்லி உட்பட 15 மையங்களில் உருவானது என்பதால் மேலானது. ஆனால் சென்னையில் வருத்தம் என்றால் மனத்துயர் மட்டுமே.

டப்ளினில் ஓ'பாய்ல், மெக்கீ, ஹிக்கி, ஜாய்ஸ் முதலியோர் வகுத்த முறை இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்க்கிறது. 1992இல் இடுப்பு மூட்டு மாற்றப்பட்ட நோயாளரிடம் அதைப் பயன்படுத்திய ஆய்வு வெளிவந்தது. தம் வாழ்வில் மிக முக்கியமான ஐந்தை நோயாளரே சொல்கிறார். ஒவ்வொன்றும் இப்போது எந்நிலையில் உள்ளது என்று 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறார். பிறகு, முறையின் எளிமையாக்கிய வடிவில், மொத்தம் 100 ஆகும்படி அவற்றுக்கு எடை பகிர்கிறார். இதற்கு ஐந்து நிற வட்டத்தட்டு உண்டு. எழுத்தறியாதவரும் கையால் திருப்பிக் காட்டலாம்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். காலில் ஆறாப் புண்ணுள்ள தாய் ஒருவர் சொல்வது: உடனிருக்கும் பிள்ளைகள், நிலை 80, எடை 40. காணி, 60, 20. கோயில், 90, 10. கால், 30, 10. காணாமல் ஆக்கப்பட்ட மகன், 0, 20. ஒவ்வொரு நிலையையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி 100ஆல் வகுத்தால் சுட்டெண் 56. புண் முற்றாக ஆறினாலும் அது 63க்குத்தான் ஏறும். சுட்டெண்ணை மட்டும் பார்க்கும் நிர்வாகி, புண்ணுக்குச் செலவிடுவது பயனற்றது என்று முடிவு கட்டக்கூடும். அது கொடிய பிழை. புண் ஆறாவிட்டால் கால் போய்விடக்கூடும். மறுபுறம், அந்தப் பூச்சியத்தை எந்த மருந்தும் அசைக்காது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கேட்டது அந்தப் பூச்சியத்துக்கான பதிலைத்தான்.

எண் மிக உயர்ந்து வந்தாலும் ஐயம் தீராது. ஆயுள் நீண்ட கேரளத்தவர் நோயை அதிகம் முறையிடுவதையும், பின்தங்கிய பீகாரில் முறையீடு குறைவதையும் 2002இல் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். எதிர்பார்ப்புச் சுருங்கினால் திருப்தி கூடும். போரால் இடம்பெயர்ந்த கிளிநொச்சி வைத்தியசாலை 2009 ஜனவரியில் இயங்கிய ஊர் தர்மபுரம். அந்நாட்களைத் தாண்டி வந்தவர் "இப்ப பரவாயில்லை" என்று 80 கொடுத்தால் அவர் பொய் சொல்லவில்லை. எதனோடு ஒப்பிட்டு 80 என்பதுதான் எண்ணில் இல்லை.

போரின் வடு தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதி வருகிறார். அப்படியானால் தனியாள் அளவை இங்கே பொருந்தாதா? பொருந்தும் என்றே கருதுகிறேன். ஐந்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளரிடம் இருப்பதால் குடும்பம் அதற்குள் தானே வந்து அமர்கிறது. ஆனால் எடைப் பகிர்வில் எனக்கு உடன்பாடில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்குக் கூட்டினால் உடனிருக்கும் பிள்ளைகளுக்குக் குறைக்க வேண்டும் என்ற கணக்கு, ஒரு தாயிடம் கேட்கத் தகாதது.

ஆகவே இம்முறையில் நாம் காக்க வேண்டியது அந்த ஐந்து சொற்களை, சுட்டெண்ணை அன்று. கிளினிக் கொப்பியில் சீனியின் அளவுக்கும் பிரஷருக்கும் பக்கத்தில் அவற்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதலாம். எடை வேண்டாம், கூட்டுத்தொகையும் வேண்டாம். அடுத்த தவணையில் அவற்றை வாசித்துக் காட்டி, "இதிலை ஏதும் மாறினதோ, அம்மா?" என்று கேட்கத் தாதிக்குச் சில நிமிடம் போதும்.