தைலவண்ண உருவ ஓவியம்: வீட்டுச் சுவருக்குத் தேர்ந்தெடுத்தல்

நிறத்தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, துணியிலோ பலகையிலோ மனித உருவத்தைத் தீட்டுவது தைலவண்ண உருவ ஓவியம். உலரும் எண்ணெயில் வரைந்த ஓவியங்களில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையவை ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் உள்ளவை. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பதினைந்தாம் நூற்றாண்டில் யான் வான் ஐக் முதலான ஃபிளாண்டர்ஸ் ஓவியர்கள் இந்த முறையை நுணுக்கத்தின் உச்சிக்குக் கொண்டு போனார்கள்.

தென்னாட்டுக்கு இது அரண்மனை வழியாக வந்தது. திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தை வரைய 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் வந்தார். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே ரவிவர்மா (1848–1906) பெரும்பகுதியைக் கற்றார். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து கமுக்கமாகக் கற்றுக்கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதும் லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தார்கள். பிற்பாடு கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக்கி ஊரெங்கும் பரப்பின.

இந்தப் பின்னணி இல்லாமல் இன்றைய வாங்குபவரின் தயக்கம் புரியாது. தமிழ் வீட்டுச் சுவரில் ஆள் உருவம் என்றால் அது சாமி, அல்லது மாலை போட்டுச் சின்ன பல்பு எரியும் முன்னோர், அல்லது தலைவர், அல்லது கல்யாணக் கோலத்தில் வீட்டுக்காரர்கள். சமகால உருவ ஓவியத்தில் இருப்பவர் இவர்களில் எவரும் அல்லர், யாரோ ஒருவர். வருகிற விருந்தாளி முதலில் கேட்பது "இவங்க யாரு, உங்க சொந்தமா?" என்பதுதான். கும்பிடவும் வேண்டாத, துக்கப்படவும் வேண்டாத ஒரு மனிதரைக் கூடத்தில் வைத்துக்கொள்ள வீட்டார் சம்மதிக்கிறார்களா என்பதே இங்கே முதல் தேர்வு. விலையும் அளவும் அதற்குப் பிறகு.

அந்த 'யாரோ ஒருவரை' இந்திய ஓவியத்தில் அழுத்தமாக நிறுத்தியவர்களில் இருவருக்கு ஓவியம் பிழைப்பாக இருக்கவில்லை. பரோடாவின் பூபேன் கக்கர் (1934–2003) சார்ட்டட் அக்கவுண்டன்ட். கடிகாரம் பழுது பார்ப்பவரையும் தையல்காரரையும் வரைந்தார். சுதிர் பட்வர்தன் தாணேயில் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லும் மருத்துவராக இருந்தவர். மின்சார ரயிலும் தொழிலாளரும் புறநகர்த் தெருவும் அவருடைய களம். 1981இல் இவர்களும் வேறு நால்வரும் சேர்ந்து பம்பாயிலும் தில்லியிலும் நடத்திய 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' கண்காட்சி, உருவம் வரைவது பழம்பாணி என்ற எண்ணத்தை அசைத்தது. தமிழ்நாட்டில் வாசகர்கள் நன்கறிந்த பெயர் எஸ். இளையராஜா (1979–2021). கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பில்காரர். கும்பகோணம், சென்னை கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். கதவோரத்திலும் சன்னலோரத்திலும் நிற்கும் மாநிறப் பெண்கள், ஒரு பக்கமாக விழும் வெயில், கசங்கிய பருத்திப் புடவை என அவர் வரைந்தவை வார இதழ்கள் வழியாகப் பெயர் பெற்றன. அவருக்குப் பின் அதே பெண்ணை, அதே சன்னலை வரைபவர்கள் பெருகிவிட்டார்கள். வெயிலை வரையாமல் வெயிலின் புகைப்படத்தை வரைந்த படங்களே அவற்றில் மிகுதி.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்த்துப் பயனில்லை. முகத்தில் எல்லோரும் சிரத்தை எடுப்பார்கள். கையைப் பார்க்க வேண்டும். விரல் கணுவில் தோல் சற்றுச் சிவந்தும், இரண்டு விரல்களுக்கு நடுவே நிழல் கறுக்காமல் வெதுவெதுப்பான பழுப்பாகவும் இருந்தால், அந்த ஓவியர் உயிருள்ள கையைப் பார்த்து வரைந்து பழகியவர். விரல்கள் ஒரே நிறத்தில் வழவழவென்று இருந்தால் நம்பிக்கை குறையும். அடுத்தது, கூந்தல் பின்புலத்தைத் தொடும் விளிம்பு. சுற்றிலும் கத்தரித்து ஒட்டினாற்போல இருந்தால் போட்டோவின் வேலை. சில இடத்தில் கூர்மையாகவும் சில இடத்தில் கரைந்தும் போனால் கண்ணின் வேலை.

கேன்வாஸில் அச்சடித்து, மேலே ஒளி ஊடுருவும் ஜெல்லைத் தூரிகையால் பூசித் தைலவண்ணம் என்று விற்பதும் உண்டு. கைபேசி டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்தால் குட்டு வெளிப்படும். உண்மையான ஓவியத்தில் பித்தளைக் குடத்தின் பளபளப்பு, மூக்குத்தியின் புள்ளி போன்ற வெளிச்ச இடங்களில் வண்ணம் தடித்து மேடாக நிற்கும், நிழல் மெல்லியதாக இருக்கும். ஜெல் பூசிய அச்சில் தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகும், உருவம் வேறு பக்கம் போகும். உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகளும் தெரியும்.

எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாளிலேயே வந்துவிடும்; உள்ளடுக்கு வரை இறுக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும். அதற்குப் பின்பே வார்னிஷ் பூசுவது முறை. மேலடுக்கில் கீழடுக்கைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மாறினால் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். வரைந்து எத்தனை மாதமாயிற்று, வார்னிஷ் பூசியாயிற்றா என்று ஓவியரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. பெரும்பாலான ஓவியர்கள் விலையைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். அவர்களை நேரில் சந்திக்கச் சென்னை லலித் கலா அகாதமி மண்டல மையக் கண்காட்சிகளும், 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் நல்ல இடங்கள்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் வருவது காட்சிக்கூட வழக்கம். தரையிலும் ஊஞ்சலிலும் உட்காரும் வீட்டில் அரையடி இறக்கலாம். உருவம் நேராகப் பார்ப்பதா, வேறெங்கோ பார்ப்பதா என்பதைக் கவனிக்க வேண்டும்: நேர்பார்வை வரவேற்பறைக்குப் பொருந்தும், படுக்கையறையில் தொந்தரவு. உருவத்தின் மேல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுவதாக வரைந்திருந்தால், அறையின் சன்னலும் இடப்பக்கம் இருக்கும் சுவரில் அது தனி உயிர் பெறும். சோபாவின் நிறத்துக்குப் படம் வாங்குவது வேண்டாத வேலை. சோபா முதலில் போய்விடும்.

நம் ஊரில் தைலவண்ணத்தின் எதிரி ஓதம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும் குளியலறைக்கு முதுகான சுவரையும் தவிர்க்க வேண்டும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடும். ஈரக் காலத்தில் துணி தொய்ந்தால், சட்டத்தின் உள்மூலைகளில் இருக்கும் சிறு மர ஆப்புகளை லேசாகத் தட்டி இறுக்கலாம். தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் நெடுநாளில் பழுப்புப் படலமாகப் படியும். ஈரத்துணி போட்டுத் துடைக்கக் கூடாது. மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நேர்வெயில் ஆகாது என்பதற்காக இருட்டில் மூடி வைப்பதும் தவறு: ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் ஓரளவு தெளியும்.

வாங்கியவருக்குச் சொந்தமாவது ஓவியம் மட்டுமே. பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அதை அச்சிட்டு அழைப்பிதழ் போடவும் அவருடைய அனுமதி வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதில் ஒரு விலக்குத் தருகிறது: பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், வரையச் சொன்னவருக்கே சேரும்.