நாதத்தின் பின்னே நிற்கும் கைகள்

கச்சேரி முடிந்ததும் வித்துவானுக்கு மாலையிடுகின்றோம். வாத்தியத்தைச் செய்தளித்த கையை நினைப்பார் சிலரே. நம் சித்தூர் வட்டத்துப் பெருவெம்பு கிராமம், தலைமுறைகளாகத் தோற்கருவி செய்யும் கைவினைஞரால் பெயர் பெற்றது. பலாமரத்தைக் குடைந்து, தோலை வார்களால் இறுக்கி, வலந்தலையில் கிட்டக் கல்லின் பொடியும் சோறும் கலந்த பசையைப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றினாலன்றி மிருதங்கத்தில் நாதம் பிறவாது.

1966-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் அமைத்துத் தந்தவர் பர்லாந்து. தோல் தொழிலின் பொருட்டு அவர் போன்றோரைச் சமூகம் தள்ளி நிறுத்தியது. அத்தோலின் ஒலியையோ சபை போற்றிற்று. அவர்கள் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா நூலாக வெளியிட்டது 2020-ல்தான்.

இனி நம் விழா மேடையில் அக்கைவினைஞருக்கும் ஒரு மாலை சூட்டுவோமாக!