கணக்கு வாத்தியார் எழுந்து பேசினார்

1912-ஆம் வருஷம் மார்ச் மாதம் கல்கத்தாவில் கூடிய இம்பீரியல் சட்டசபையில் கோபால கிருஷ்ண கோகலே இரண்டு தடவை தோற்றார். மார்ச் 4-ஆம் தேதி அவர் பக்கம் 22 வாக்குகள், எதிர்ப்பக்கம் 33. மார்ச் 19-ஆம் தேதி அவர் பக்கம் 13, எதிர்ப்பக்கம் 38. இரண்டு தடவையும் அவர் எழுந்து பேசுவதற்கு முன்பே முடிவு அவருக்குத் தெரியும். அந்தச் சபையில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களே பெரும்பான்மை. அவர்கள் வாதத்தைக் கேட்டு வாக்களிப்பதில்லை. மேலே தீர்மானித்தபடி வாக்களிப்பார்கள். இது தெரிந்தும் ஒரு மனிதர் இராப் பகலாகக் கணக்குப் போட்டு, ஒரு புள்ளியும் தவறாமல் அடுக்கி வைத்துக்கொண்டு ஏன் எழுந்து நின்றார் என்ற கேள்வி என்னை வெகு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் கதை எழுதுகிறவன். சட்டசபைப் பிரசங்கங்களைப் படிப்பது என் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று சில நண்பர்கள் நினைக்கிறார்கள். நான் இண்டர்மீடியட் வாசித்தபோது சரித்திரப் புத்தகத்தில் கோகலேக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பாராதான்: மிதவாதி, காந்தியடிகளின் அரசியல் குரு, அவ்வளவே. ஆனால் நம் சென்னையிலிருந்த ஜி. ஏ. நடேசன் கம்பெனியார் அவருடைய பிரசங்கங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதைப் பிரித்துப் படித்தால், அந்த ஒரு பாராவுக்குள் அடங்காத ஆசாமி ஒருவர் எழுந்து வருகிறார். அவர் பேச்சில் இடி முழக்கம் கிடையாது, அலங்காரமும் குறைவு. நாடகமெல்லாம் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

அதில் ஆச்சரியமில்லை. ரத்னகிரி ஜில்லாவில் 1866-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கோகலே, புனாவில் பெர்கூஸன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கணக்குப் புத்தகம் பிரசித்தமானது. பெரோஸ்ஷா மேத்தா விட்டுச் சென்ற இடத்துக்கு வந்து, 1902 மார்ச் 26-ஆம் தேதி முதன் முதலாக வரவு செலவுத் திட்டத்தின்மீது பேசினார். தலைமை ஸ்தானத்தில் இருந்தவர் கர்ஸன் பிரபு. கோகலேக்கு அப்போது முப்பத்தாறு வயதுகூட நிறையவில்லை.

அந்தக் காலத்துச் சட்டசபையின் லட்சணத்தை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1892-ஆம் வருஷச் சட்டப்படி, வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி அங்கத்தினர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பேசலாம். ஒரு காசைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர முடியாது, வாக்கெடுப்பும் கிடையாது. பேசிவிட்டு உட்கார வேண்டியதுதான். பெரும்பாலோர் சர்க்காருக்கு வந்தனம் கூறிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் கூறுவதற்கு நல்ல விஷயமும் இருந்தது. வரவு செலவு போகக் கோடிக்கணக்கில் உபரி! நாடு சுபிட்சமாக இருப்பதற்கு வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

கோகலே அந்த உபரியைப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட கணக்கு இதுதான். இந்திய சர்க்கார் பென்ஷன், வட்டி, ராணுவச் செலவு என்று வருஷந்தோறும் லண்டனுக்குப் பவுனில் பணம் அனுப்ப வேண்டும். வெள்ளி விலை விழுந்து, ரூபாயின் மதிப்பு 13 பென்ஸ் அளவுக்கு இறங்கியபோது, அதே பவுனுக்கு அதிக ரூபாய் தேவைப்பட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வரிகளை ஏற்றினார்கள். 1893-ல் நாணயச் சாலைகளை மூடியதன் பலனாகப் பிற்பாடு ரூபாய் மெள்ள ஏறி 16 பென்ஸில் நின்றது. பள்ளம் மேடாகிவிட்டது, ஏற்றிய வரி மட்டும் இறங்கவில்லை. ஆகவே இந்த உபரி சுபிட்சத்தின் அடையாளம் அல்ல. வேண்டியதற்கு மேல் ஜனங்களிடம் வாங்கிய பணம். அதுவும் எப்போது? 1896-97-லும் 1899-1900-லும் நாட்டைப் பஞ்சம் சூறையாடிய காலத்தில்!

இந்தக் கணக்குகளைத் திரட்டிக் கொடுப்பதில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஜி. வி. ஜோஷி என்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஒரு வாத்தியார் கணக்குப் போட, இன்னொரு வாத்தியார் ராஜப் பிரதிநிதிக்கு முன்னால் அதை ஒப்பித்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் சபையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உப்பு வரியைப் பற்றியும் அன்றைக்குப் பேசினார். 1888 முதல் மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி. விலை ஏறியதும் ஏழை உப்பைக்கூடக் குறைத்துக்கொண்டான் என்று சர்க்காரின் சொந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். 1903-ல் அந்த வரி இரண்டு ரூபாயாயிற்று, 1905-ல் ஒன்றரை, 1907-ல் ஒன்று. இது கோகலே ஒருவரால் நடந்தது என்று எழுதினால் அது கதை. காங்கிரஸ் அதற்கு முன்பே பல வருஷங்களாகக் கேட்டு வந்தது. ஆனாலும் பதில் சொல்லாமல் நகர முடியாத இடத்தில் சர்க்காரை நிறுத்தியது அவருடைய கணக்கு.

1909-ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்தது. இனிமேல் தீர்மானம் கொண்டுவரலாம், வாக்கெடுப்புக் கேட்கலாம். சர்க்கார் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். கோகலே உடனே எடுத்துக்கொண்டது ஒப்பந்தக் கூலிகளின் விஷயம்.

இங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போயிற்று. அதிலிருந்து 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர். ஐந்து வருஷ ஒப்பந்தம். போகும் இடம் எங்கே இருக்கிறதென்று தெரியாதவன் கைநாட்டு வைப்பான். வேலைக்கு வராவிட்டால் சிறை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் அனுப்பினால் போதும். அந்த விகிதத்தினால் லயன் வீடுகளில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டாம்.

1910 பிப்ரவரி 25-ஆம் தேதி, நேட்டாலுக்கு ஆள் சேர்ப்பதைத் தடுக்க வேண்டும் என்று கோகலே கொண்டுவந்த தீர்மானத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1911 ஜூலை முதல் ஆள் சேர்ப்பு நின்றது. அதோடு திருப்தி அடைந்திருக்கலாம். அவரோ 1912 மார்ச் 4-ஆம் தேதி, எந்த நாட்டுக்கும் இந்த முறையே கூடாது என்றார். ஒரு தரப்புக்கு விஷயமே விளங்காத ஒப்பந்தம் ஒப்பந்தமல்ல என்பது அவர் வாதம். கூலிகளுக்குப் பண லாபம் இருக்கிறதே என்பது சர்க்கார் பதில். 22 இந்தியர்கள் அவர் பக்கம் நின்றார்கள், தீர்மானம் தோற்றது. ஜயிக்கும் வரையில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குச் சரியாகப் பதினைந்தாம் நாள் நடந்ததுதான் என் மனத்தை அறுப்பது.

அப்போது இந்தியாவில் நூறு பேருக்கு இரண்டு பேர்கூடப் பள்ளிக்கூடத்தில் இல்லை, 1.9 என்பது கோகலே சொன்ன கணக்கு. சுதேச சமஸ்தானமான பரோடாவில் கெயிக்வார் கட்டாயக் கல்வியையே கொண்டுவந்துவிட்டார். பரோடாவில் முடிந்தது பக்கத்துப் பிரிட்டிஷ் ஜில்லாவில் ஏன் முடியாது? 1910-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, சர்க்கார் வாக்குக் கொடுத்ததால் திரும்பப் பெற்றார். 1911 மார்ச் 16-ஆம் தேதி ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார்.

எவ்வளவு சாதுவான மசோதா! ஆறிலிருந்து பத்து வயது வரையுள்ள பையன்களுக்கு மட்டும். அதுவும் நகரசபையோ ஜில்லா போர்டோ தானாக முன்வந்தால்தான். அந்த ஊரில் ஏற்கெனவே குறிப்பிட்ட விகிதம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால்தான். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ளவன் சம்பளம் கட்ட வேண்டாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும். பெண் குழந்தைகளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தார். பெண்களை ஒதுக்கியது எனக்குச் சம்மதமில்லை. எதிரியைச் சமாதானப்படுத்த நம் கையை நாமே வெட்டிக்கொள்ளும் காரியம் அது. அப்படிக் குறைத்துக் கேட்டும் கிடைக்கவில்லை.

மாளவியாவும் ஜின்னாவும் ஆதரித்தார்கள். கல்வி இலாகாவின் அங்கத்தினர் ஹார்கோர்ட் பட்லர் எதிர்த்தார், அது எதிர்பார்த்ததே. ஆனால் எதிர்த்து வாக்களித்த 38 பேரில் உத்தியோகஸ்தர் அல்லாத இந்தியர்களும் இருந்தார்கள், பெரிய நிலச்சுவான்தார்கள். கடலுக்கு அப்பால் வெள்ளைக்காரன் தோட்டத்தில் அடிபடும் கூலிக்காக மார்ச் 4-ஆம் தேதி சேர்ந்து நின்ற இந்திய அணி, தங்கள் வயலில் வேலை செய்கிறவனுடைய மகன் பலகையைத் தூக்கிக்கொண்டு போவதா என்ற கேள்வி வந்ததும் உடைந்துவிட்டது. அந்தக் காலத்து இந்தியச் சமூகத்தைப் பற்றி ஒரு நாவல் சொல்லக்கூடியதை இந்த இரண்டு வாக்கெடுப்புகளே சொல்லிவிடுகின்றன. 22 என்ற எண் 13 ஆனதற்குள் இருப்பது ஒன்பது பேர் மட்டுமல்ல.

கோகலே புலம்பவில்லை. மசோதா தள்ளுபடி ஆகும் என்று முன்பே தெரியும், எங்கள் தலைமுறை தோல்விகளாலேயே நாட்டுக்குத் தொண்டு செய்ய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். இதைத் துறவிப் பேச்சாகக் கொள்ள நான் தயாராயில்லை. கணக்கு வாத்தியார்களின் குணம் அது. விடையை ஏற்கப் பையன் மறுத்தாலும், கணக்கைப் பலகையில் முழுக்கப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அடுத்து வருகிறவன் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தார்கள். நீரிழிவினால் நலிந்து 1915 பிப்ரவரி 19-ஆம் தேதி, நாற்பத்தெட்டாவது வயதில் கோகலே காலமானார். 1916 மார்ச்சில் மாளவியா அதே ஒப்பந்தக் கூலித் தீர்மானத்தைக் கொண்டுவர, ஹார்டிஞ்ச் பிரபு ஏற்றுக்கொண்டார். 1917-ல் ஆள் சேர்ப்பு நின்றது. கல்விக் கணக்குத்தான் இழுத்துக்கொண்டே போயிற்று. பம்பாயில் விட்டல்பாய் படேலின் முயற்சியால் 1918-ல் ஒரு சட்டம், சென்னையில் 1920-ல் ஒரு சட்டம். எல்லாம் 'முடிந்த இடத்தில்' என்ற வகை. சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் பத்து வருஷ கெடு வைத்து, அந்தக் கெடுவும் தாண்டி, 2002-ல் அரசியல் சட்டத்தின் 86-ஆவது திருத்தம் வந்தது. அதன்படி 2009-ல் இயற்றிய சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. ஆறிலிருந்து பதினான்கு வயது வரை, பையன்களுக்கும் பெண்களுக்கும்.