கொலைக்கதையும் ஆராய்ச்சி நெறியும்: தேனிச் சீமையை முன்னிட்டு ஒரு விசாரணை

கல்விச் சித்தாந்தத்தையும் கொலை மர்மத்தையும் ஒரே நூலில் பிணைத்த பெருமையை, இத்தாலியக் குறியியல் பேராசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1980இல் வெளியிட்ட ‘ரோஜாவின் பெயர்’ என்னும் நாவலுக்கே உரியதாக்குவது விமரிசகர் வழக்கம். அதற்கு முந்திய ஆண்டில், அந்நாட்டுச் சரித்திராசிரியர் கார்லோ கின்ஸ்பர்க், துப்பறிவோனும் வைத்தியனும் ஓவிய நிபுணனும் அற்ப அடையாளங்களினின்று காணாததை அனுமானிக்கும் ஒரே நெறியினர் என விளக்கியிருந்தார். ஆயினும் இவ்விணைப்புக்குத் தமிழில் அவற்றினும் பழைய சரித்திரம் ஒன்று உண்டென்பதும், அதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கத் தேனிச் சீமை தக்க களமென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதல் அச்சேறிய 1887க்கு ஏழாண்டுகள் கழித்து, ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ வெளிவந்தது. தமிழின் முதல் துப்பறியும் நூலென மதிக்கப்படும் இதனை இயற்றிய பண்டித நடேச சாஸ்திரியார், தொல்பொருள் இலாகாவில் ராபர்ட் சீவெல் துரையின் கீழ்ச் சாசனங்களை ஆராய்ந்தவர். நாட்டார் கதைகளைத் திரட்டிப் பதிப்பித்தவர். சிதைந்த கல்லெழுத்தில் சான்று தேடிய கண்ணே கற்பனைக் குற்றங்களிலும் தடயம் தேடிற்று எனக் கருதுவது பொருந்தும்.

அவ்விரு தொழிலும் ஒன்றே என்பதற்கு, 2006இல் தேனிச் சீமையின் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகைக் கரையோரம் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று சாட்சியாகும். கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்தலில், இறந்துபட்ட அந்தவன் என்பானின் கல் அது என்று அறிஞர் பொருள் கொள்வர். கொன்றவன் எவன், மாண்டவன் கவரச் சென்றவனா மீட்கச் சென்றவனா என்பன அச்சில சொற்களில் இல்லை. அவ்வூர் கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூரேயாயின், மாண்ட இடத்துக்கும் கல் கிடைத்த இடத்துக்கும் இடையே ஏன் இத்தனை தூரம் என்ற கேள்வியும் எழும். தொல்காப்பியப் புறத்திணையியல் ஆகோளையும் கல்நாட்டும் முறையையும் கூறுவதால் ஆய்வாளனுக்கு வழி தென்படுகிறதேயன்றி, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடைப்பதில்லை.

அவ்வடக்கத்தை இழந்த சித்தாந்தம் விளைத்த கேட்டையும் இப்பள்ளத்தாக்கு அறியும். குற்றம் பிறப்பால் வருவதென்ற கொள்கையைச் சட்டமாக்கிய ஆங்கில ஆட்சி, 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் இங்கு வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது ஏவியது. ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று வெறுத்த அச்சட்டத்தின்படி பெயரைப் பதிய மறுத்தோர் மீது, அண்டைச் சீமையிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் கள ஆய்வு செய்து மானிடவியலறிஞர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூல், அப்பழி ஒரு சமூகத்தின் நெஞ்சிலும் நிலத்திலும் பதித்த சுவடுகளை ஆராய்கிறது. துப்பறியும் கதையில் குற்றம் முதலிலும் குற்றவாளி இறுதியிலும் வர, அச்சட்டத்திலோ குற்றவாளி முன்னரே நிச்சயிக்கப்பட்டான்.

ஆதலின் சித்தாந்தம் கொலைக்கதையோடு கலப்பது குற்றமன்று. சான்றுக்கு முன்னே சித்தாந்தம் நடப்பதே குற்றம். அவ்வாறு முன்னே நடந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் ரத்து செய்தது.