ஒரு பழைய லெப்டொப், இரண்டு வழிகள்: தலவாக்கலை வீடுகளில் விண்டோஸ் 11உம் லினக்ஸ் மின்டும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ஆனால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, வழக்கம்போல ஓடுகிறது. அதனால் தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்தில் பல வீடுகளில் இதைப் பற்றி இன்னும் யாரும் யோசிக்கவில்லை. இந்த வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகளின் ஸூம் வகுப்புக்காகச் சீட்டுக் காசிலும் நகை அடகிலும் வாங்கிய, முன்பே யாரோ பாவித்த லெப்டொப்கள். நான்காம், ஆறாம் தலைமுறை இன்டெல் ப்ரொசெசர்; நான்கு ஜிபி ரம். விண்டோஸ் 11 கேட்பதோ 2017இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறை ப்ரொசெசரையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும். எனவே ஒன்றில் எப்படியாவது விண்டோஸ் 11க்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டுக்கு மாற வேண்டும்.

விண்டோஸ் வழியின் பெரிய வசதி, வீட்டில் யாரும் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. மெஷின் தகுதி உள்ளதாக இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடியும். சில மெஷின்களில் டிபிஎம் இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் போதும். பயோஸுக்குள் போனவர்கள் பழைய லெகசி தொடக்க முறையையும் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றிவிடுவதுதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க் பழைய எம்பிஆர் அமைப்பில் இருந்தால், அதை முதலில் ஜிபிடிக்கு மாற்றாத வரை விண்டோஸ் எழும்பாது. டிஸ்க்கில் உள்ள எதுவும் அழிந்திருக்காது, ஆனால் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து கடைக்குக் கொண்டுபோனால், அங்கே முதல் வைத்தியம் போமட்தான்.

தகுதியில்லாத மெஷினிலும் ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் போடலாம். டவுனில் பலர் செய்து கொடுப்பதும் இதைத்தான். இப்படிப் போட்ட மெஷின்களுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொப்ட் தரவில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பும் தானாக வராது. பாதுகாப்புக்காக ஏறிவிட்டு, அந்தப் பாதுகாப்பே நிச்சயமில்லாத இடத்தில் போய் நிற்பதை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

இன்னொரு சிக்கல் கணக்கில் இருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம், நிறுவும்போதே மைக்ரோசொப்ட் கணக்கைக் கேட்கும். வீட்டில் யாருக்கும் மின்னஞ்சல் இல்லையென்றால், செய்து கொடுக்கும் தம்பி தன்னுடையதைப் போட்டுவிடுவார். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய மெஷின்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி போய்ச் சேருவது அந்தக் கணக்குக்கு. பின்னர் ஒருநாள் மதர்போர்டைப் பழுதுபார்த்தாலோ பயோஸில் கை வைத்தாலோ திரை அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார், நம்பரும் மாறியிருக்கும். பிள்ளையின் படங்களும் பாடக்குறிப்புகளும் டிஸ்க்குக்குள் இருந்தும் கைக்கு வராது.

மின்டில் இந்தக் கணக்குத் தொல்லை கிடையாது. தரவிறக்கும் கோப்பும் ஏறத்தாழ 3 ஜிபிதான். விண்டோஸ் 11க்கு 5 ஜிபிக்கு மேல் போகும். இரவு டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சிறிய வித்தியாசமல்ல. அதைவிடப் பெரிய நன்மை, பென் டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதையும் எழுதுவதற்கு முன் வைஃபை, கெமரா, சத்தம், பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம். வைஃபை வேலை செய்யாவிட்டால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து அதன் டேட்டாவில் ட்ரைவரை இறக்கலாம்.

ஆனால் மின்ட் நிறுவும்போது செய்யக்கூடிய ஒரு தவறு விண்டோஸில் செய்யும் எந்தத் தவறையும்விடக் கொடியது. நமது கடைகளில் டிஸ்க்கை சி, டி என்று பிரித்துக் கொடுப்பார்கள். போமட் அடித்தாலும் டி டிரைவ் பத்திரமாக இருக்கும் என்பது எல்லாருக்கும் பழகிப்போன நம்பிக்கை. மின்டின் நிறுவியில் டிஸ்க்கை அழித்து நிறுவும் தெரிவைக் கொடுத்தால் சியும் போகும், டியும் போகும்.

அடுத்த ஆபத்து கரண்ட். மின்சாரம் தரும் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் மே முதல் செப்டெம்பர் வரை பருவக்காற்றில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால், தோட்டப் பக்கத்துக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெட்டரி செத்த லெப்டொப்பில் நிறுவலின் நடுவழியில் கரண்ட் போனால், விண்டோஸ் அடுத்த முறை எழும்பும்போது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அநேகமாகத் திரும்பியும்விடும். ஏறி முடித்த பிறகும் 10 நாட்களுக்குள் விண்டோஸ் 10க்கே திரும்பலாம். மின்டுக்கு அப்படித் திரும்பும் வழியில்லை. பென் டிரைவிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எங்கள் ஊருக்கென்று தனியாக இருக்கும் பிரச்சினை எழுத்துரு. பாடசாலை வினாத்தாள், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், சங்கக் கடிதம் என்று பலதும் இன்றைக்கும் பாமினியில் அடிக்கப்படுகின்றன. பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத மெஷினில் ஆவணத்தைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் ‘ழ்’ மேல் இருந்த புள்ளி. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிட்ட ஆசிரியர்களும் உண்டு. இருப்பதன் மேலேயே விண்டோஸ் 11க்கு ஏறினால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். போமட் அடித்தால் போய்விடும். மின்டில் பாமினிக் கோப்பைப் பிரதிசெய்து, திறந்து, நிறுவினால் லிப்ரே ஒபிஸில் ஆவணம் சரியாகத் தெரியும். விண்டோஸின் யுனிகோட் எழுத்துருவான லதாவில் அடித்த ஆவணங்களின் கதை வேறு: மின்டில் லதா இல்லாததால் வேறொரு எழுத்துரு அந்த இடத்துக்கு வரும், வரிகள் நகரும், இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கமாகும்.

தட்டச்சில் மின்டுக்கு ஒரு பலம் இருக்கிறது, இதைப் பலர் அறியமாட்டார்கள். விண்டோஸில் 2019 முதல் தமிழ்99உம் அஞ்சலும் கூடவே வருகின்றன. மின்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களைப் போட்டுக்கொண்டால் தமிழ்99 மட்டுமல்ல, இலங்கையில் பழகிய ரங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.

பிரின்டரில் மின்ட் தோற்கிறது. எச்பி பெரும்பாலும் உடனே வேலை செய்யும். கொமியூனிகேஷன்களில் நிற்கும் கெனன் எல்பிபி 2900 லினக்ஸில் கடும் பாடு படுத்தும். படிக்கும் பிள்ளைக்கோ மின்டில் குறைவில்லை. சாதாரண தரத்துப் பாஸ்கலும் உயர்தரத்துப் பைதனும் அதில் ஓடும், ஸூமும் ஓடும்.

ஆகவே படிக்கும் பிள்ளைக்கென்று ஒரு பழைய லெப்டொப் மட்டும் உள்ள வீட்டில், கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு மின்ட் போடுவதே நல்லது என்பேன். நான்கு ஜிபி ரம்மில் விண்டோஸ் 11 திணறும். மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். தட்டச்சில் பிழைக்கும் வீடு அவசரப்படத் தேவையில்லை. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் 2026 ஒக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குக் காசில்லாமல் திருத்தம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் முக்கியமான பாமினி ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றி வைக்கலாம். மாற்றும் கருவிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகிவிடும். விண்ணப்பங்களில் அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.