ஹெல்சின்கியில் ஒரு பெண்குதிரை

குதிரைப் போட்டிகளில் டிரெஸ்ஸாஜ் தனி வகை. முந்தி ஓட வேண்டியதில்லை. தாண்டுவதற்குத் தடையும் கிடையாது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்துக்குள் ஒரு குதிரையும் அதன்மேல் ஒருவரும் வருகிறார்கள். வகுத்துவைத்த வரிசைப்படி குதிரை நடக்கிறது, துள்ளுநடை போடுகிறது, பாய்கிறது, கால்களைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் நகர்கிறது. உச்சநிலைப் போட்டியில், நின்ற இடத்தை விட்டு அகலாமலே தாளம் தப்பாமல் துள்ளுநடை போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாதவர்போலவும், குதிரை தானே விரும்பி ஆடுவதுபோலவும் தோன்றினால் அதுவே இந்தக் கலையின் உச்சம்.

ஒன்றும் செய்யாதவர்போலத் தோன்றும் அவர் உண்மையில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். கை, கடிவாள வாரின் வழியே குதிரையின் வாயோடு பேசும். இடுப்பு, சேணத்தின் வழியே அதன் முதுகோடு பேசும். கால், விலாவோடு பேசும். இவற்றில் பெரும்பாலான கட்டளைகளைச் சுமப்பது கால்தான், குறிப்பாகக் கெண்டைக்கால். இரண்டு கால்களையும் அணைத்தால் முன்னே போ என்று பொருள். இடது காலைச் சற்றுப் பின்னுக்கு வைத்து அழுத்தினால் குதிரையின் பின்னுடல் வலப்பக்கம் விலகும். ஈ வந்து அமர்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் விலங்கு அது. அதற்கு மெல்லிய அழுத்தமே போதும். பேச்சு மறுதிசையிலும் நடக்கிறது. முதுகுத் தசை இறுகுவதையும், அடுத்து எந்தக் கால் எழப்போகிறது என்பதையும் ஏறியிருப்பவர் தம் தொடையிலும் இடுப்பிலும் உணர்கிறார்.

இந்தப் பேச்சை மனிதர்கள் மிக மெதுவாகத்தான் கற்றார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தளபதி செனொஃபோன் குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். அங்கவடியும் கட்டுச்சேணமும் இல்லாத காலம். போர்வீரன் ஒரு துணி விரிப்பின்மேல் அல்லது வெறும் முதுகில் அமர்ந்தான். கோபத்தோடு குதிரையை நெருங்கவே கூடாது என்றும், அடித்துச் செய்விக்கும் செயலில் குதிரைக்குப் புரிதலும் இருக்காது, பார்ப்பவருக்கு அழகும் தெரியாது என்றும் அவர் வற்புறுத்தினார். 1,900 ஆண்டுகள் கழித்து, 1550-இல் நேப்பிள்ஸின் ஃபெடெரிக்கோ கிரிசோனே எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. முரண்டு பிடிக்கும் குதிரைக்குத் தடியில் கட்டிய பூனையையும் நெருப்பையும் மருந்தாகச் சொன்ன நூல் அது. அறிவு எப்போதும் முன்னோக்கியே நகரும் என்று நம்புவோர் இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். பிரான்சில் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த அந்துவான் த ப்ளுவினெல் மீண்டும் மென்மைக்குத் திரும்பினார். 1733-இல் ஃபிரான்சுவா த லா கெரினியேர் எழுதிய நூல், குதிரையின் உடலைப் படிப்படியாக வளைத்து இளக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இன்றும் அவரையே தன் ஆசானாகக் கொள்கிறது.

அரண்மனை முற்றங்களில் வளர்ந்த கலை, பிறகு ராணுவத்தின் கைக்குப் போனது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் இடம்பெற்றபோது அது குதிரைப்படை அதிகாரிகளின் களமாக இருந்தது. அடுத்த 40 ஆண்டுகளும் அப்படியே நீடித்தது. படையினர் ஒருவர் போட்டியிட வேண்டுமானால் அவர் அதிகாரப் பதவி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக் சாட்சி. டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வென்ற சுவீடனிடமிருந்து மறு ஆண்டே அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. குழுவின் மூவரில் ஒருவரான கேனால் பெர்சோன் உண்மையில் சார்ஜென்ட்; போட்டிக்காக அவருக்கு லெப்டினன்ட் பதவி கொடுத்து, முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர் குதிரை ஓட்டிய விதத்தில் எவரும் குறை காணவில்லை. தோள்பட்டையின் பதவிச் சின்னம்தான் பிழையாக இருந்தது.

சார்ஜென்டுக்கே இடமில்லாத களத்தில் பெண்களுக்கு எங்கே இடம்? லண்டனில் ஒரு பெண்கூட இல்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்கு முன்தான் விதிகள் தளர்ந்தன. பதவித்தடை நீங்கியது, டிரெஸ்ஸாஜில் மட்டும் பெண்கள் ஆண்களோடு நேருக்குநேர் போட்டியிடலாம் என்று ஆனது. தடைதாண்டுதலுக்கு அவர்கள் 1956 வரையும், மூன்று நாள் போட்டிக்கு 1964 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் நுழைந்த பெண்கள் நால்வர்: ஜெர்மனியின் இடா ஃபோன் நாகெல், அமெரிக்காவின் மார்ஜரி ஹெய்ன்ஸ், நார்வேயின் எல்சா கிறிஸ்டோஃபர்சன், டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல்.

லிஸ் ஹார்ட்டல் 1921-இல் பிறந்தவர். கோபன்ஹேகனை ஒட்டிய ஹெல்லெரூப் அவருடைய ஊர். சிறு வயதிலேயே குதிரை ஏறத் தொடங்கி, 1943-இலும் 1944-இலும் டென்மார்க்கின் டிரெஸ்ஸாஜ் சாம்பியன் ஆனார். நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த நேரம். 1944 செப்டம்பரில், இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தபோது, அவரைப் போலியோ தாக்கியது. வயது 23. நம் ஊரில் இளம்பிள்ளை வாதம் என்று பெயர் பெற்ற அந்த நோய் பெரியவர்களையும் விடுவதில்லை. தடுப்பூசி பயன்பாட்டுக்கு வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

குழந்தை நலமாகப் பிறந்தது. தாயின் கைகளும் தொடைகளும் வலுவிழந்தன. முழங்காலுக்குக் கீழே இயக்கம் அறவே போனது. ஊன்றுகோலோடு நடந்தாலே பெரிது என்பதுதான் மருத்துவர்களின் கணிப்பு. முதலில் கையைத் தூக்கவும், பிறகு தவழவும், அதன் பிறகு ஊன்றுகோலைப் பிடித்து அடியெடுத்து வைக்கவும் அவர் மீண்டும் பழகினார். தொடைத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. கெண்டைக்கால்கள் கடைசிவரை திரும்பவே இல்லை.

இங்கே நோயின் இயல்பைக் கவனிக்க வேண்டும். போலியோ கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கிறது. தொடுஉணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் பொதுவாகத் தப்பிவிடுகின்றன. ஆகவே குதிரைமேல் அமர்ந்தால் அதன் ஒவ்வோர் அசைவையும் உணர முடியும். பதில் சொல்லும் கால் மட்டும் அசையாது. குதிரை பேசுவது கேட்கிறது, திருப்பிப் பேச வாய் இல்லை என்பது போன்ற நிலை. குதிரையேற்றமே வாழ்க்கையாக இருந்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய நிலை இருக்க முடியாது. ஆனால் அவரை மீட்டதும் இந்த எஞ்சிய உணர்வுதான்.

பிறர் தூக்கிச் சேணத்தில் அமர்த்த, அவர் மறுபடி ஏறினார். உடம்பை நிமிர்த்தி வைத்திருப்பதே முதல் பாடம். அது கைகூடுமுன் விழுந்ததும் உண்டு. 1947-இல், நோய் தாக்கி மூன்றே ஆண்டுகளில், ஸ்காண்டிநேவிய சாம்பியன் போட்டியில் கலந்துகொண்டு இரண்டாமிடம் பெற்றார்.

ஹெல்சின்கிக்கு அவர் கொண்டுசென்றது ஜுபிலி என்ற பெண்குதிரையை. கால் சொல்ல வேண்டியதையெல்லாம் இடுப்பும் முதுகும் உடல் எடையுமே சொல்ல, அதைக் கேட்டு நடக்கும்படி ஜுபிலி பழக்கப்பட்டிருந்தது. எடையால் எப்படிப் பேசுவது? தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து வருபவரைப் பார்த்தால் விளங்கும். குடம் இடப்பக்கம் சாய்ந்தால் அவரும் தன்னையறியாமல் இடப்பக்கம் அடிவைத்துக் குடத்தின் நேர்கீழே வந்து நிற்பார். குதிரையும் அப்படியே. மேலே உள்ள பாரம் விரலளவு நகர்ந்தாலும், அதன் கீழே தன்னைக் கொண்டுவந்து சமன் செய்துகொள்ளவே அதன் உடல் விழையும். முதுகை நிமிர்த்தி இடுப்பை ஊன்றினால் வேகம் தணியும். இடுப்பெலும்பின் ஒரு பக்கம் கூடுதல் எடை வைத்தால் அந்தப் பக்கம் திரும்பும். தேர்ந்தவர்கள் எல்லோரும் இவற்றைப் பயன்படுத்துவது வழக்கம்தான். ஆனால் அவர்களுக்கு இவை காலின் துணைமொழி. ஹார்ட்டலுக்கு இதுவே முழுமொழி.

இதில் பாதி உழைப்பு குதிரையுடையது. விலாவில் அழுத்தம் வரும் என்று காத்திராமல், முதுகின்மேல் நிகழும் சிறு மாற்றத்துக்குச் செவிசாய்த்தபடியே அது களம் முழுவதும் நடக்க வேண்டும். கவனம் ஒரு நொடி சிதறினால் மேலே இருப்பவரால் குதிமுள்ளால் தட்டி அழைக்க முடியாது. அச்சத்தால் கீழ்ப்படியும் குதிரைக்கு இது சாத்தியமில்லை. அச்சம் முதலில் இறுக்குவது முதுகைத்தான். இறுகிய முதுகுக்கு மெல்லிய எடைமாற்றம் எட்டாது. செனொஃபோன் சொன்ன பொறுமை இங்கே வெறும் அறவுரையாக நிற்கவில்லை. அது இல்லாமல் ஜுபிலியின்மேல் ஒரு சுற்றுக்கூட வந்திருக்க முடியாது.

1952 ஜூலை இறுதியில், ஹெல்சின்கியின் ருஸ்கேயசுவோ களத்தில் போட்டி நடந்தது. சுவீடனின் ஆன்ரி சென்சீர், மாஸ்டர் ரூஃபஸ் என்ற குதிரையில் 561 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். ஹார்ட்டலும் ஜுபிலியும் பெற்றவை 541.5. மூன்றாமிடம் பெற்ற பிரான்சின் ஆந்த்ரே ழூசோம் 541. லண்டனில் இதே போட்டியில் வெள்ளி வென்றிருந்த மூத்த ராணுவ அதிகாரி அவர். அரைப் புள்ளி வித்தியாசத்தில் அவரைத் தாண்டி, ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் பெண் ஆனார் ஹார்ட்டல். குதிரையிலிருந்து அவரை இறக்கிவிட வேண்டியிருந்தது. பதக்கமேடையில் ஏற சென்சீர் கைகொடுத்தார். முதலிடம் பெற்றவர் இரண்டாமிடம் பெற்றவரைத் தாங்கிப்பிடித்த அந்தக் காட்சி, ஒலிம்பிக் வரலாற்றில் திரும்பத் திரும்ப நினைவுகூரப்படுவது. குழுப் போட்டியின் தங்கம் மீண்டும் சுவீடனுக்கே கிடைத்தது. வென்ற மூவர் லண்டனில் போட்டியிட்ட அதே மூவர். கேனால் பெர்சோனும் அவர்களில் ஒருவர். இம்முறை அவருடைய பதவியை யாரும் கேட்கவில்லை.

பதக்கத்தோடு ஹார்ட்டல் திரும்பிய அதே கோடையில் கோபன்ஹேகனைப் போலியோ கொள்ளைநோயாகப் பிடித்தது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். இயந்திரங்கள் போதாமல், மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து, கையால் ரப்பர்ப் பையை அழுத்தி அவர்களுக்கு மூச்சு ஊட்டினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாக மருத்துவ வரலாறு குறிப்பிடும் நிகழ்வு அது. அந்த நகரத்தில், அந்த மாதங்களில், போலியோவால் காலின் இயக்கத்தை இழந்தும் ஒலிம்பிக் மேடையேறிய ஒரு பெண்ணின் பெயர் எத்தனை வீடுகளில் உச்சரிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1956 ஒலிம்பிக் மெல்பர்னில் நடந்தது. ஆனால் வெளிநாட்டுக் குதிரைகளை நெடுங்காலம் தனிமைப்படுத்தி வைக்கும் ஆஸ்திரேலியச் சட்டத்தால், குதிரைப் போட்டிகளை மட்டும் ஜூன் மாதமே ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். ஜுபிலியோடு வந்து ஹார்ட்டல் மறுபடியும் வெள்ளி வென்றார். சென்சீருக்கு 860, அவருக்கு 850. ஜெர்மனியின் லீசலோட் லின்சென்ஹோஃப் மூன்றாமிடம். எட்டு ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கு நுழைவே இல்லாதிருந்த போட்டியில், மேடையின் மூன்று படிகளில் இரண்டில் இப்போது பெண்கள் நின்றார்கள். குழுப் போட்டியில் வெள்ளி வென்ற ஜெர்மன் அணியில் மூவருமே பெண்கள். 1972-இல் மியூனிக்கில் லின்சென்ஹோஃப், பியாஃப் என்ற குதிரையில் தனிநபர் தங்கமும் வென்றார்.

ஹார்ட்டலின் பாதிப்பு பதக்கப் பட்டியலைவிட மருத்துவத்தில்தான் ஆழமாகச் சென்றது. ஹெல்சின்கிக்குப் பிறகு அவரும் இயன்முறை மருத்துவர் உல்லா ஹார்போத்தும் சேர்ந்து, குதிரைச் சவாரியைச் சிகிச்சையாகத் தரும் முயற்சியைத் தொடங்கினார்கள். நார்வேயில் எல்சபெட் போட்கர் உடல் இயலாத குழந்தைகளை மட்டக்குதிரைகளில் ஏற்றினார். 1960-களின் முடிவில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தேசிய அமைப்புகள் உருவாகின.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஒரே தாளத்தில் அசைகிறது. மேலே அமர்ந்தவரின் இடுப்பு அந்த அசைவை வாங்கிக்கொள்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதமும் ஏறத்தாழ அதுவே. தன் காலால் ஒருநாளும் நடந்திராத குழந்தையின் முதுகும் வயிறும் இடுப்பும் குதிரைமேல் நடையின் தாளத்தைப் பழகுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் உடல் தன்னைச் சமன் செய்துகொள்ள வேண்டியிருப்பதால், கழுத்தையும் நடுவுடலையும் தாங்கும் தசைகள் வலுப்பெறுகின்றன.

லிஸ் ஹார்ட்டல் 2009 பிப்ரவரியில் காலமானார். அவர் வாழ்நாளிலேயே, 1996 அட்லாண்டாவிலிருந்து, டிரெஸ்ஸாஜ் பாராலிம்பிக்கில் தொடர்ந்து இடம்பெறத் தொடங்கியிருந்தது. அங்கே உடலியக்கக் குறைவின் அளவுக்கேற்ப வகுப்புகள் பிரிக்கப்படுகின்றன. காலால் கட்டளையிட முடியாதவர் இரண்டு கைகளிலும் சவுக்கு வைத்துக்கொண்டு அதன் தொடுகையால் விலாவுக்குச் சொல்லலாம். விரல் பிடிக்காதவர் வாரில் வளையம் போட்டுக்கொள்ளலாம். ஹெல்சின்கியில் தனி வகுப்பு இருக்கவில்லை. குதிரைப்படை அதிகாரிகள் ஓட்டிய அதே தேர்வைத்தான் ஜுபிலியும் அவரும் முடித்தார்கள்.